இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்ட டயப்பர்

மகளுக்குத் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டதால், தூக்கியெறியும் டயப்பரை விட்டுத் துணி டயப்பருக்குப் போன வாரம் மாறினோம். மாறிய அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை.

வீடு முழுக்கக் கொடி கட்டியும் ஒன்றும் காயவில்லை. இன்று காலை கடைசி டயப்பரையும் நனைத்துவிட்டாள். அவளைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த ஈர டயப்பர்களோடு ராஜகீழ்ப்பாக்கம் முனையில் இருக்கும் இஸ்திரிக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, இந்த ஈரத்துணிய கொஞ்சம் தேச்சுக் காய வெச்சுக் குடுங்க. குழந்தைக்கு மாத்த வேற இல்ல."

பாவம் பார்த்து வாங்கிப் பெட்டியை வைத்தார். உடனே பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

"இன்னாக்கா, துணின்னு குடுத்தீங்க. உள்ள பிளாஸ்டிக் கீது. பொட்டியெல்லாம் ஒட்டிகிச்சு பாருங்க."

ஈரம் வெளியே வராமலிருக்க உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் படக்கூடாது என்றுதானே இதற்கு மாறினேன்.

அவர் பெட்டியைச் சுரண்டத் தொடங்கினார். "மன்னிச்சுடுங்கண்ணா" என்று சொல்லும்போதே துண்டும் நனைந்து என் இடுப்பு சூடானது.

பக்கத்து மருந்துக்கடையில் பழையபடி அந்தத் தூக்கியெறியும் டயப்பரையே வாங்கினேன். புண்ணின் மேல் மாட்டும்போது அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

படப்பைப் பக்கம் இருப்பவர்களே, அங்கேயாவது வெயில் அடிக்கிறதா? சொல்லுங்கள், ஈர மூட்டையோடு வந்துவிடுகிறேன்.