'வந்துட்டேன்' என்று சொன்னேன்

மெட்ராஸில் என் ஆபீசுக்கு வாடிப்பட்டி தபாலாபீசிலிருந்து டிரங்க் கால். "அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னையத்தாண்டா கேக்குறாரு" என்றார் அண்ணன்.

"மதுரைக்குப் பிளேன்ல ஒரு மணி நேரந்தாண்ணே. இந்தா வந்துட்டேன்னு சொல்லுங்க."

வானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் மழையால் மீனம்பாக்கத்திலேயே ஐந்து மணி நேரம் தவித்துக் கிடந்தேன். ஊரில் எங்கள் வீட்டில் போன் இல்லை. தகவல் சொல்ல வழியில்லை. மதுரையில் இறங்கி, டாக்சிக்காரரிடம் வழியெல்லாம் கெஞ்சினேன்.

வீட்டின் முன் கூட்டம். அண்ணன் கதறினார்: "நீ வந்துட்டேன்னதும் சட்டைய மாட்டிவிடச் சொன்னாருடா. 'வந்துட்டான்னியே, எங்கடா?'ன்னு வாசலையே பாத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அப்பாவின் சட்டையில் கழுத்துப் பொத்தான்கூடப் போட்டிருந்தது.

வாசற்படியில் கால் வைக்காமல் 'வந்துட்டேன்' என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.