இருபத்தைந்து ரூபாய்க்கு மேற்படாத வீடு

வாடகைச் சட்டத்தை வரிவரியாகத் தெரிந்தவனுக்கு ஊரில் ஒருவரும் வீடு தரமாட்டார்கள். இது சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. சித்தூரில் தெருத்தெருவாக நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆந்திர மாநிலம் புதிதாகப் பிறந்து, எல்லை எங்கே என்று இன்னும் முடிவாகாத காலம் அது. சித்தூர் எந்தப் பக்கம் போகும் என்று காப்பிக் கடைகளில் தினமும் காலையில் ஒரு தீர்ப்பும் மாலையில் அதன்மேல் அப்பீலும் நடக்கும். சென்னையில் பி.ஏ. முடித்துவிட்டு வந்த நான், வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுப் பிரிவில் குமாஸ்தா. வீடு காலியானால் உரிமையாளர் எங்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்; சர்க்கார் விரும்பினால் அந்த வீட்டைத் தன் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு நியாய வாடகையில் ஒதுக்கும். 'நியாய' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆகையால் சித்தூரில் எந்த வீடும் காலியானதே கிடையாது.

குடித்தனக்காரர் காலையில் வண்டியேறினால் மாலையில் அந்த வீட்டுக் கொடியில் ஒரு புடவை காயும். கூடத்தில் பாய் விரித்திருக்கும். இருமல்காரப் பெரியவர் ஒருவரை ஒரே மாதத்தில் மூன்று தெருக்களில், மூன்று வீடுகளின் குடித்தனக்காரராகச் சந்தித்தோம். மூன்றாவது வீட்டில் என் அதிகாரியே, "இருமல் எப்படி ஐயா இருக்கு? போன தெருவில கொஞ்சம் தேவலாம்னு சொன்னீங்களே?" என்று விசாரித்தார்.

அதிகாரி காக்கிநாடாக்காரர். மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, சித்தூரில் வீடு கிடைக்காமல் பயணியர் விடுதியின் ஓர் அறையில் பெட்டியோடு குடியிருந்தார். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கே வீடில்லை என்பதில் ஊருக்குப் பெரிய ஆனந்தம். "எங்க ஊர்ல இந்த வாடகைக்குச் சமுத்திரக் காத்து சமையல்கட்டு வரைக்கும் வரும்" என்பார். அந்தச் சமயம் பார்த்து மேலிடம், ஒவ்வொரு ஊரின் சராசரி வாடகையையும் கேட்டு எழுதியது. சராசரி என்ற சொல் அவரைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது. என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனார். திருச்சானூர்ச் சாலையில் ஒரு வீட்டுக்காரரிடம், "வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்.

"மாசத்துக்கா, நாளைக்கா, தலைக்கா?"

"தலைக்கா?"

"மொட்டை போட்டுக்கினு வர்றவங்க படுத்துக்குவாங்க சார். மொட்டை ஒண்ணுக்கு இவ்வளவுன்னு வாங்குவேன். தலைமுடியோட வந்தா அதே ரேட்டுதான். நான் வித்தியாசம் பாக்கறதில்ல."

மொட்டைகளுக்குச் சராசரி எடுப்பது எப்படி என்று திரும்பும் ரயிலில் பாக்காலா வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

இதற்கு நடுவில், நான்கு அண்ணன்களின் குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்த எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் சத்தியவேட்டுப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். அந்த ஊர் அப்போது சென்னை ராஜ்ஜியத்தில் இருந்தது. "பொண்ணைக் கட்டிக் குடுக்கறமா, நாடு கடத்தறமா?" என்று பெண்ணின் சித்தப்பாக்காரர் சிரித்தார். பிறகு மரியாதைக்கு, "மாப்ளைக்கு ஆபீசுல என்னா வேலை?" என்று ஒரு கேள்வி போட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. பிரிவு, உட்பிரிவு, விதிவிலக்கு என்று நான் ஆரம்பித்தேன். முக்கியமாக, மாத வாடகை இருபத்தைந்து ரூபாய்க்கு மேற்படாத வீடு காலியானால் அறிவிப்பே தேவையில்லை, அதில் சர்க்கார் கைவைக்கவும் முடியாது என்ற இடத்தை மிகவும் ரசித்துச் சொன்னேன். சித்தப்பா கொட்டாவி விட்டார். யாரோ ஒரு கிழவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். காப்பி ஏனோ ஆறித்தான் வந்தது. அதைக் கொண்டுவந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மீதிச் சட்டம் மறந்துபோனது.

வாசல்வரை வந்த பெண்ணின் தகப்பனார் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எல்லை எங்க வேணா போவட்டும் மாப்ளே. எம்பொண்ணுக்குத் தனிக் கதவு ஒண்ணு இருக்கணும். ஓரகத்திங்க நாலு பேரோட ஒரே அடுப்புல அவளை நிறுத்த மாட்டேன். ஆனி கடைசி முகூர்த்தத்துக்குள்ள வீடு பாத்துட்டீங்கன்னா கல்யாணம். இல்லன்னா வேற எடம் ஒண்ணு காத்துக்கினு இருக்குது."

அந்த வேற இடம் ஊத்துக்கோட்டையில் சொந்த வீட்டோடு இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பகலெல்லாம் அதிகாரியோடு போய் வீட்டுக்காரர்களை மிரட்டிவிட்டு, சாயங்காலம் அதே வீட்டுக்காரர்களிடம் வீடு கேட்டு நின்றேன். அவர்களுக்கு அதைவிடச் சுகமான பொழுதுபோக்கு கிடைத்திருக்காது. கட்டமஞ்சி ஏரிப் பக்கம் பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. கூடம், சமையலறை, பின்னால் கிணறு. அதற்கும் பின்னால் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய எருமையும். பார்த்ததும் மனம் அங்கேயே குடியேறிவிட்டது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்த ஆபீசு அப்பாயி, குமாஸ்தா பையன் இல்ல? உனக்கு வீடு குடுத்துட்டு, நாளைக்கு வாடகை ஏத்தணும்னா உங்கிட்டயே வந்து பெட்டிசன் போடணுமா? போ நைனா, போ. எருமை மிரளுது."

எருமை அசைபோட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனி பாதி கடந்தது. ஒருநாள் காலை அதிகாரி துள்ளிக்கொண்டு வந்தார். "ஏமய்யா! ஏரிப் பக்கம் வாக்கிங் போனேன். பச்சைக் கதவு வீடு. மூணு நாளா வாசல்ல கோலம் இல்ல! காலி! வா, இப்பவே போலாம். என் சம்சாரத்துக்கு இன்னிக்கே தந்தி குடுத்துடறேன்."

நான் கேட்டுத் துரத்தப்பட்ட வீட்டை இன்னொருவருக்கு வாங்கிக் கொடுக்க, சர்க்கார் பென்சிலோடு புறப்பட்டேன்.

வாசலில் ஈரம் காயாத கோலம். அதிகாரியின் முகம் சற்று வாடியது. உள்ளே நுழைந்தோம். பால் பொங்கிய மணம். கூடத்தில் வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தவர் என் வருங்கால மாமனார்.

மாப்பிள்ளைக்குச் சாமர்த்தியம் போதாது என்று அவரே வீடு தேட வந்திருக்கிறார். மனைவி மகளோடு முதல் நாளே சித்தூர் வந்து சத்திரத்தில் தங்கி, மாதம் முப்பத்தைந்துக்கு இந்த வீட்டைப் பேசி முடித்திருக்கிறார். அதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவர் என்னை ஊர்பேர் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார் என்பதுதான்.

வீட்டுக்கார அம்மாள் சாணிக் கையோடு ஓடிவந்தார். "குடித்தனம் இருக்காங்க சார்! மூணு வருசமா இருந்துக்கினு இருக்காங்க!"

"அப்படியா ஐயா?" என்று அதிகாரி மாமனாரைக் கேட்டார். அவர் வெற்றிலையைக் காரணம் காட்டி, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஒரு திசையில் தலையை ஆட்டினார்.

அதிகாரி சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். "நீ சொல்லும்மா. எத்தனை நாளா இருக்கீங்க?"

"காலையிலதான் வந்தோம் சார். இப்பதான் பால் காய்ச்சினோம். ஒரு வாய் குடிக்கிறீங்களா?"

வீட்டுக்கார அம்மாள் சாணிக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரிக்குக் காக்கிநாடாவே கண்முன் வந்துவிட்டது. "அப்போ நேத்து காலி! நோட்டீசு குடுக்கல! எழுதய்யா, எழுது!"

பென்சிலை எடுத்தேன். கல்யாணம் ஆனியைத் தாண்டி, ஆடியைத் தாண்டி, ஊத்துக்கோட்டைக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றியது.

"நோட்டீசு எதுக்கு சார்?" என்றாள் அவள். "வாடகை இருபத்தஞ்சு ரூபாதானே? அதுக்கு மேல போனாத்தானே எழுதிக் குடுக்கணும்?"

பின்கட்டில் எருமை ஒரு தரம் கத்தியது.

அதிகாரி மெதுவாக வீட்டுக்கார அம்மாளிடம் திரும்பினார். "வாடகை எவ்வளவும்மா?"

முப்பத்தைந்து என்றால் அறிவிப்புக் கொடுக்காத குற்றம், வீடும் சர்க்காருக்கு. இருபத்தைந்து என்றால் மாதா மாதம் பத்து ரூபாய் நஷ்டம். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், பால் பாத்திரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பல் பிடுங்கிக்கொள்பவர் மாதிரி ஒரு முனகலோடு, "இருபத்தஞ்சுதான்" என்றார். "அதுவும் நல்ல குடும்பமாச்சேன்னு."

"சட்டம் அப்படியா சொல்லுது?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். அந்த உட்பிரிவை நான் அன்று ஒப்பிக்கவில்லை, கிட்டத்தட்டப் பாடினேன்.

"உனக்கு யாரம்மா இதைச் சொன்னது?"

"பொண்ணு பாக்க வந்தவரு சொன்னாரு சார்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அதிகாரி அவளைப் பார்த்தார். என் பென்சிலைப் பார்த்தார். மாமனாரின் வெற்றிலைச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு அப்படியே கூடத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "ஒரே ஒரு பச்சைக் கதவு! அதையும் என் குமாஸ்தாவே எடுத்துக்கினான்! பாலைக் குடும்மா. அதாவது கிடைக்கட்டும்."

"இந்தப் பையனா மாப்பிள்ளை?" என்று வீட்டுக்கார அம்மாள் அலறினார். "சர்க்கார் மாப்பிள்ளைன்னுதானே சொன்னீங்க!"

மாமனார் ஒருவழியாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எந்தப் பிரிவுன்னு நீங்க கேக்கலியேம்மா."

ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அதிகாரியின் சராசரியில் எங்கள் இருபத்தைந்தும் ஏறி, அதைக் கொஞ்சம் இறக்கியது. சில மாதங்கள் கழித்து அதே தெருவில் அவருக்கும் ஒரு வீடு கிடைத்தது, முப்பத்தெட்டுக்கு. அதற்குப் பிறகு அவர் சராசரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்கார அம்மாளும் நஷ்டப்படவில்லை. அவருடைய எருமையிடம்தான் பால் வாங்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்று இரண்டாம் மாதமே உத்தரவு போட்டார். வாடகை சட்டத்துக்குள் வரும், எருமை வராது. பின்னாளில் எல்லை ஒருவழியாக முடிவானபோது சத்தியவேடும் ஆந்திராவுக்கு வந்து சேர்ந்தது. அவளைத் தேடி ஊரே பின்னால் வந்துவிட்டதாக அவளுக்குப் பெருமை.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பச்சைக் கதவைச் சாத்திவிட்டு அவளைக் கேட்டேன். "அன்னிக்கு நான் சொன்னதை அவ்வளவு ஆசையாவா கேட்டுக்கினு இருந்தே?"

"ஆசையா? காப்பித் தட்டைக் கையில ஏந்திக்கினு கதவுக்குப் பின்னால நிக்கிறேன். நீங்க நிறுத்தினாத்தானே நான் உள்ள வரமுடியும்? மேற்படாத, மேற்படாதன்னு அதையே நாலு தபா சொன்னீங்க. காப்பி ஆறி ஏடு கட்டிப்போச்சி. வேற என்னா பண்றது, கேட்டேன்."

அடுப்பிலிருந்து டம்ளரைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

"இதையாச்சும் பேசாம குடிங்க."

குடித்தேன். நாக்கு பொத்துப் போகிற சூடு.