எண்ணெய்க் காலில் ஒரு ஜி.பி.எஸ். பட்டை

ஜாமீனில் வந்தவர்களின் காலில் ஜி.பி.எஸ். பட்டையை மாட்டிவிட்டு, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. தென்காசியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஓயாமல் கத்தும் அலாரம். அலாரத்துக்குப் பதறியே பிழைப்பு நடத்தும் லிஃப்ட், ஏ.டி.எம்., ஆஸ்பத்திரிச் சகாக்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்!

கொலுசு

என் முதல் ஆள் சுடலைமுத்து அண்ணாச்சி. குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். குளிக்க வந்த ஆளை எண்ணெய் தேய்க்க யார் கூப்பிடுவது என்ற சண்டையில் இன்னொருவர் மண்டை உடைய, இவர் ஜெயிலுக்குப் போனார். ஜாமீன் நிபந்தனை இதுதான்: காலில் பட்டை இருக்க வேண்டும், குற்றாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடியும் பாளையங்கோட்டை ஜெயில். சீசன் தொடங்கும் நேரம். அவர் உள்ளே போனால் அந்த வீட்டுக்கு வருஷச் சோறு போச்சு.

விதிப்படி இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு மாட்டினேன். முதல் பட்டை அல்லவா, மூன்று தடவை விரல் விட்டு அளந்து பார்த்தேன்! அவர் மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு கொலுசு வாங்கித்தர இந்த மனுசனுக்குத் துப்பில்ல. இவருக்கு மட்டும் கவர்மெண்டே மாட்டி விடுதே!"

சார்ஜ்

பட்டையைக் கழற்றாமல் காலோடுதான் சார்ஜ் போட வேண்டும். அண்ணாச்சி மத்தியானம் டீக்கடை பெஞ்சில் படுத்து, காலைப் பிளக் பக்கம் நீட்டிவிடுவார். ஒருநாள் பார்க்கப் போனேன். அவர் நல்ல குறட்டையில் இருந்தார். கடைக்காரர் என்னிடம் கெஞ்சினார்: "அண்ணாச்சி எப்பமோ ஃபுல்லாயிட்டாரு சார். எழுப்பி விடுங்க, என் செல்லு செத்துக் கெடக்கு!"

புள்ளி பறக்கிறது

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலாரம் அலறியது. அண்ணாச்சியின் புள்ளி குற்றாலத்தைத் தாண்டி, செங்கோட்டையைத் தாண்டி, புளியரைப் பக்கம் பறக்கிறது! அதற்கு அப்பால் கேரளா. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அட மனுஷா, இப்படியா கெடுத்துக்கொள்வாய் என்று எனக்கு அழுகையே வந்தது.

எஸ்.ஐ.யின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். "இன்னைக்கே ஜாமீன் கேன்சல்வே" என்று அவர் ஒரு பக்கம். மொபைலில் புள்ளியைப் பார்த்து "விடாதீங்க சார், விடாதீங்க" என்று நான் ஒரு பக்கம். செக்போஸ்ட் வரிசையில் புள்ளி நின்றது. அங்கே குளித்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு கேரளா வேன். உள்ளே அண்ணாச்சி இல்லை. வாளியில், ஈரத் துண்டுகளுக்கு நடுவே, எண்ணெய் வழிய, அறுபடாமல் முழுசாக இருந்தது பட்டை! எஸ்.ஐ. அதைத் தூக்கிக் காட்டியதும் வேனில் இருந்தவர் கைகூப்பினார்: "எண்டம்மோ! சாரே, ஞங்கள் குளிக்கான் வந்நதா!"

ஆள் எங்கே?

இரண்டு விரல் விதியை எழுதியவர் குற்றாலத்து எண்ணெயைக் கண்டிருக்க மாட்டார். பட்டை வழுக்கிக் கழன்று, எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்தவரின் வாளியில் விழுந்திருக்கிறது. சரி, ஆள் எங்கே? பட்டை கழன்றதே சாக்கு என்று கிளம்பியிருந்தால்? திரும்பி வரும் வழியெல்லாம் ரோட்டோரம் நடப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அருவிக்கரையில் ஒரே கூட்டம். நடுவில், எண்ணெய் தேய்க்கும் அதே கல்லில், வெறுங்காலை நீட்டியபடி அண்ணாச்சி! செல்போன் எதிரே ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்ததாம். அதை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. எங்களைக் கண்டதும் கத்தினார்: "பட்டை இல்லாம நகந்தா ஓடிட்டான்னு சொல்லுவீங்கல்லா, அதான் உக்காந்த எடத்துலயே இருக்கேன். சட்டுனு மாட்டி விடுங்க சார், ஒண்ணுக்குப் போவணும்!"

ஜாமீன் தப்பியது, அன்றைக்குக் குற்றாலத்தைத் தாண்டி ஓடியவர்கள் அரசாங்க ஆட்களான நாங்கள் மட்டும்தான்.