சோதித்த பையில் வந்த மணிக்கூடு

வரைகலைச் செயலிக்கு நல்லது கெட்டது தெரியாது. திரையில் படம் வரைவதற்கென்றே கணினிக்குள் இருக்கும் அந்தச் சில்லு, மற்ற நிரல்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியலை மேலிருந்து கீழாகச் செய்துகொண்டே போகும். முக்கோணம் வரை என்றால் வரையும். பக்கத்து நிரலின் நினைவகத்தில் கை வை என்றாலும் வைத்துவிடும். ஆகவே பட்டியல் அதனிடம் போகுமுன் ஒரு காவல் நிரல் அதை வாசித்து, கூடாத கட்டளை இருந்தால் மறிக்க வேண்டும். அந்தக் காவலை எழுதுவதுதான் என் பட்டப்படிப்பின் கடைசி வேலை.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். "இந்த முறை சரிவராட்டி அடுத்த வருசம் பாக்கலாம்தானே" என்று திருகோணமலையில் எங்கள் லிங்கநகரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையை அக்கா அப்படித்தான் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டாள். அந்த வருடம் வரவேயில்லை. மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நான் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

முதலில் எழுதிய காவல், ஒவ்வொரு கட்டளையாகத் தனி இடத்துக்கு நகலெடுத்து, சோதித்து, ஒவ்வொன்றாகச் செயலியிடம் கொடுத்தது. விரிவுரையாளர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது காவல் இல்லைப் பிள்ளை, ஆமை." எனக்கு மூக்கு நுனியில் கோபம். நகலெடுப்பதையே தூக்கி எறிந்தேன். பட்டியல் கிடக்கிற இடத்திலேயே வாசித்துச் சரி பார்த்து, அப்படியே செயலியிடம் விட்டேன். முக்கோணம் பம்பரமாகச் சுழன்றது. "இப்ப சரி. வியாழக்கிழமை இதையே கொண்டு வாரும்" என்றார்.

அந்த வார இறுதியில் அக்காவைப் பார்க்கப் போனேன். திங்கள் காலை மூதூரிலிருந்து படகில் திரும்பினேன். மூதூர்த் துறையில் பைகளைத் திறந்து சோதித்து, ஓரமாகக் குவித்து வைப்பார்கள். படகு வந்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு ஏறுவோம். திருகோணமலையில் இறங்கியதும் இன்னொரு சோதனை. அங்கே என் பைக்குள்ளிருந்து நான் வைக்காத ஒரு பொதி வெளியே வந்தது. பத்திரிகைத் தாளை விரித்தால் ஒரு அலாரம் மணிக்கூடு, இரண்டு பற்றரி, ஒரு துண்டு வயர்.

"என்ன இது?" என்று சோதித்தவள் கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்றேன். அந்தக் காலத்தில் அதைவிட மோசமான பதில் இல்லை. குண்டு கட்டுகிற சாமான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பின்னாலிருந்து ஒரு மூதூர் உம்மா ஓடி வந்தார். "அது என்ட மணிக்கூடு மகள். பழுது பாக்கக் கொண்டு போறன். உங்கட பையில இடம் கிடந்திச்சு, வெச்சன்."

இடமிருக்கிற பையில் அடுத்தவர் சாமானையும் திணிப்பது எங்கள் பக்கத்து வழமைதான். ஆனாலும் கத்திவிட்டேன். "உங்களுக்கென்ன விசரா உம்மா? சோதிச்சு முடிஞ்ச பையுக்கை ஆரும் சாமான் வைப்பினமோ?"

"சோதிச்சு முடிஞ்சதாலதானே மகள் வெச்சன். அதுவரைக்கும் முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தன். என்ட பைக்குள்ள கண்டா கழட்டிப் போடுவாங்க எண்டு பயம்."

மணிக்கூட்டைக் கழற்றித்தான் பார்த்தார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிறகு இருவரையும் விட்டார்கள். ஆட்டோவில் வீடு வரும்வரை அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் அவர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் விளங்கியது. என் காவலும் பட்டியலை வாசித்துச் சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறது. செயலி அதை எடுக்குமுன், பட்டியலை எழுதிய நிரல் உள்ளே எதையும் மாற்றி வைக்கலாம். ஐயோ, நான் கட்டியது மூதூர்த் துறை!

யாருக்கும் தெரியாது. விரிவுரையாளரே கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாழக்கிழமை பட்டம். சீ, அப்படி ஒரு பட்டம் எனக்கெதற்கு என்று கணினியின் முன் உட்கார்ந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரைதான் மின்சாரம். நகலெடுத்தே ஆகவேண்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரே தரம் வாசித்து, நகலெடுக்கும்போதே சோதித்து, எழுதிய நிரலின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, முழுப் பட்டியலையும் ஒரேயடியாகச் செயலியிடம் கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை ஏழு தரம் திரை செத்தது. புதன்கிழமை மின்சாரம் போகச் சற்று முன் முக்கோணம் சுழன்றது. முந்திய வேகம் இல்லை, ஆமையும் இல்லை.

"போன முறை இதைவிட வேகமா ஓடிச்சுதே?" என்றார் விரிவுரையாளர்.

"ஓம் சேர். அது பிழை. காட்டுறன்."

பழைய காவலை ஓடவிட்டு, சோதனை முடிந்த கணமே பட்டியலை மாற்றும் ஒரு சின்ன நிரலை ஏவினேன். திரை உறைந்தது. அவர் முகம் கறுத்தது. புதியதை ஏற்றி அதே நிரலை ஏவினேன். முக்கோணம் சுழன்றுகொண்டே இருந்தது.

"சோதிச்சு முடிஞ்ச பிறகு உள்ளுக்கை வைக்கலாம் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஒரு உம்மா, சேர். மணிக்கூடு கொண்டு வந்தவ."

அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு தானே கதிரையை இழுத்துப் போட்டு, மூன்று விதமாக உடைக்கப் பார்த்தார். உடையவில்லை. கையெழுத்து வைத்தார். வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன், சந்தோசத்தில்தான்.

அடுத்த கிழமை மறுபடி படகேறினேன். திருகோணமலைத் துறையிலும் பைகளைக் குவித்துத்தான் வைப்பார்கள்; சோதனை முடிந்ததும் நான் பையைக் குவியலில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த தாளை மெசினின் மேல் வைத்தேன்.

"உன்ரை பட்டமோ?" என்றாள்.

"இல்லை அக்கா. உயர்தரப் பரீட்சை விண்ணப்பம். உன்ரை பேர் எழுதிட்டன். கையெழுத்து மட்டும் வை."

"எனக்கு இனியோ... அடுத்த வருசம் பாப்பமே?"

"ஏலாது" என்று பேனையை நீட்டினேன்.