திரைக்குள்ளிருந்து நீண்ட கை

வல்லிநாயகம் தெருமுனையில் தலை காட்டினால் போதும், தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் காணாமல் போய்விடும். தாய்மார்களே பிள்ளைகளை நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டு, "புள்ள ஆத்தா ஊருக்குப் போயிருக்குதே" என்று வாசலில் நின்று சத்தியம் செய்வார்கள். குலுக்கைக்குள்ளிருந்து தும்மல் சத்தம் கேட்கும். அவர் சிரித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஜில்லா போர்டில் அம்மை குத்தும் வேலை அவருக்கு. பொறுமை இல்லாதவனுக்கு அந்த வேலை ஒருநாள்கூடத் தாங்காது.

அந்த வேலையில் பாதியை வீட்டில் இருந்தபடி பார்த்தவள் அவர் மனைவி செண்பகவல்லி. அம்மைப்பால் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைபட்டுச் சென்னைப் பட்டணத்திலிருந்து ரயிலில் வரும். வெயில் பட்டால் பால் செத்துப்போகும். செத்த பாலைக் குத்தினால் கையில் தழும்பும் விழாது, உடம்புக்குக் காப்பும் இராது. ஆகவே மண்பானையில் ஈரமணல் பரப்பி, வெட்டிவேர் போட்டு, குழாய்களை அதற்குள் புதைத்து வைப்பாள். சித்திரை வெயிலில் வேளைக்கு வேளை தண்ணீர் தெளிப்பாள். குத்துகிற கருவியை வெந்நீரில் போட்டு எடுப்பதும் அவள்தான். அதன் நுனியில் வட்டமாகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். தோலில் பால்துளியை வைத்து அந்த நுனியால் ஒரு திருகு. அவ்வளவுதான். வீட்டுக்கே தேடி வந்தவர்களுக்கு அவர் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, அந்தத் திருகு அவள் விரலுக்கும் பழகியிருந்தது.

முப்பத்துமூன்றாம் வருஷம் பங்குனியில் ஊருக்குள் பெரியம்மை இறங்கியது. வேப்பிலை செருகாத வாசல் குறைந்துகொண்டே வந்தது. குழந்தைகளுக்கு மட்டுமல்ல, சின்ன வயதில் குத்திக்கொண்ட பெரியவர்களுக்கும் மறுபடி குத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜவுளிக்கடை துல்கர்னைன் ராவுத்தர் தாமாகவே வல்லிநாயகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிக் குத்திக்கொண்டார். வீட்டுப் பெண்களுக்கு மட்டும் உள்ளறை வாசலில் ஜமுக்காளம் தொங்கியது. ஓரத்தை விலக்கி ஒவ்வொரு கையாக வெளியே வரும், குத்திவிட வேண்டும். ராவுத்தரின் மனைவி ஹைருன் பீவி, இரண்டு மருமகள்கள், வயதுக்கு வந்த ஒரு மகள்; மொத்தம் நான்கு கைகள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்த வல்லிநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"என்ன, உடம்புக்குச் சரியில்லையா?" என்றாள் செண்பகவல்லி.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலு கை வந்துது. மொதக் கையில தங்க வளையல். ரெண்டாவதுல பச்சக் கண்ணாடி வளையல். மூணாவதுல கறுப்பு. நாலாவது வெறுங்கை. நாலுலயும் முழங்கைக்குக் கீழ உளுந்து கணக்கா ஒரே மச்சம். நாலுலயும் அம்மத் தழும்பு."

செண்பகவல்லிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "ஒரே ஆளா?"

"அந்தம்மாதான். பீவிம்மா. புள்ளைகளுக்குப் பதிலா அவுகளே கைய நீட்டிட்டாக. ராவுத்தருட்ட சொன்னா வீட்டுக்குள்ள வெட்டுக்குத்து வந்துரும். சொல்லாம விட்டா அந்தப் புள்ளைக கதி என்னாகும்? நாலு வீடு தள்ளி அம்ம போட்டுக் கெடக்கு."

அவள் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நான் போயி குத்துதேன்."

"இது சர்க்கார் வேலைலா."

"சர்க்காரு கையி திரைக்கு உள்ள போக மாட்டேங்குதே. என் கையி போகும்."

வல்லிநாயகம் இலையை விட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து தம் இடது தோளைக் காட்டி, "மொதல்ல எனக்குக் குத்து, பாப்போம்" என்றார். குத்தினாள். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அன்று சாயங்காலமே அவர் சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போனார். அவசர காலம், அவளும் குத்தட்டும் என்று அதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை செண்பகவல்லி ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அத்தர் மணமும் பால்காய்ச்சிய மணமும் கலந்து கிடந்தன. ஹைருன் பீவிக்கு ஐம்பது வயதிருக்கும்; முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. இவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"ஒம் மாப்பிள்ள கண்டுபிடிச்சிட்டாரா?"

"மச்சம் காட்டிக் குடுத்துட்டு, பீவிம்மா."

பீவியம்மாள் சிரித்துவிட்டார். பிறகு குரல் தணிந்தது. "எனக்குப் பத்து வயசுலயே அம்ம வந்து போயிட்டு. இனிமே வராதுன்னு தெரியும். இதுக மூணும் அசல் ஆம்பளைட்ட கைய நீட்ட மாட்டோம்னு அழுவுதுக. ராவுத்தரு குத்தித்தான் ஆவணும்னு நிக்காரு. நான் என்ன செய்ய? கையத்தான நீட்டலாம்."

"இப்ப அழுகைக்கு என்ன இருக்கு? நானும் பொம்பளதான்" என்றாள் செண்பகவல்லி. அந்த வீட்டு மகள்தான் முதலில் வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சிட்டா? முடிஞ்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். குத்தி முடித்து வெகுநேரம் ஆன பிறகும் கேட்டாள். மருமகள்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார்கள்.

செய்தி கொல்லைச் சுவர்கள் வழியாகத் தெருவெல்லாம் பரவியது. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வந்தார்கள். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி மட்டும் மூலையில் சாய்ந்தபடி, "என்னய அடக்கம் பண்ணக் கபன் துணி எடுத்து வச்சாச்சு. எனக்கு என்னத்துக்கு இது?" என்றாள்.

"நீங்க படுத்தா யாரு பக்கத்துல இருந்து பாப்பா? இந்தப் புள்ளைகதான? அதுகளுக்கு ஒட்டிக்கிடாதா?" என்றாள் செண்பகவல்லி.

கிழவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு எலும்பும் தோலுமான கையை நீட்டி, "நோவாம குத்து, ஏட்டி" என்றாள்.

வைகாசி வரைக்கும் அம்மை ஊரை விட்டுப் போகவில்லை. மேலத்தெருவில் மூன்று சாவு. ராவுத்தர் வீட்டுத் தெருவிலும், செண்பகவல்லிக்குக் கதவு திறக்காத ஒரு வீட்டில் கைக்குழந்தை போய்விட்டது. அந்தக் குழந்தையை அவள் வெகுகாலம் மறக்கவில்லை; இன்னொரு தரம் போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் குத்திய வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் உடன்பிறந்த அண்ணன், "வீடு வீடா ஏறி இறங்குதவ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லி, பொங்கல் சீர் கொண்டுவருவதை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பெண்களுக்கு அம்மை குத்த அவளையே வேலைக்கு எடுத்தார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பையோடு ஒரே வாசலிலிருந்து இறங்கி, ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே போவதை ஊர் வேடிக்கை பார்த்தது. நாலைந்து வருஷத்தில் வேடிக்கை பார்ப்பதையும் விட்டுவிட்டது.

குற்றாலத்துச் சீசன் நாட்களில் அவளுக்கு அருவிக்கரையில்தான் வேலை. கூட்டத்தோடு காலராவும் வந்துவிடும் என்ற பயத்தால் அங்கே காலரா ஊசியும் போட்டார்கள். ஆனியிலும் ஆடியிலும் விழும் சாரலை, கூரையில்லாமல் நின்றாலும் நனைக்காதது போன்ற அந்த மெல்லிய தூற்றலை அவள் பிற்காலத்தில் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். ஈரச்சேலை வாடை, வழியெல்லாம் பலாச்சுளை மணம், பேசுவது கேட்காமல் கத்திக் கத்திப் பேசும் பெண்கள், ஊசிக்கு அழுத பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மங்குஸ்தான். வேலை முடிந்து வல்லிநாயகம் வந்து நிற்பார். இருவரும் இலஞ்சி வழியாக வயல்காற்றில் பேசிக்கொண்டே நடந்து வீடு திரும்புவார்கள். அவள் வாழ்வில் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால், அந்த நடையைத்தான் சொல்வாள்.

நாற்பத்துநாலில் வல்லிநாயகம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு ஆடியில் அவளைச் சங்கரன்கோவிலுக்கு மாற்றினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, மாற்றுச்சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு குற்றாலம் போனாள். பதினோரு சீசன் அந்தக் கரையில் நின்றிருக்கிறாள். அருவியில் ஒரு நாளும் குளித்ததில்லை.

பெண்கள் பக்கத்தில் அவளைக் கண்டதும் ஒரு சலசலப்பு. "ஏட்டி, ஊசி போடுத அக்கா வந்துட்டாவோ!" சில பிள்ளைகள் ஓடினார்கள். ஒருத்தி பழக்கத்தில் கையையே நீட்டிவிட்டாள்.

"இன்னைக்கு ஊசி இல்லம்மா. குளிக்கத்தான் வந்தேன்" என்று செண்பகவல்லி சொல்ல, எல்லாரும் சிரித்து நகர்ந்து இடம்விட்டார்கள். தண்ணீர் தலையில் அறைந்தது. முதலில் மூச்சு நின்றது. பிறகு பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று அவர்கள் இழுக்கும்வரை அங்கேயே நின்றாள்.