மிச்சத் தாம்பாளம்

விடுதிப் பெண்பிள்ளைகளுக்கு அவள் 'கரண்டி அக்கா'. கணவன் இறந்தபின் வேலை தேடி வந்தவளுக்கு மதரஸாவின் சமையற்கட்டும், மகளுக்கு அதே மதரஸாவில் இலவச இடமும் சேர்ந்தே கிடைத்தன. ஒன்று போனால் மற்றதும் போகும். ஆகவே அடுப்போடு மட்டும் பேசினாள். அருவருப்போ அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. சோற்றில் ஒரு முடி கிடந்தால் பானையையே கவிழ்த்துவிடுவாள்.

அந்த மதரஸா இரண்டு நல்ல விஷயங்களைக் கற்பித்தது. நாலு பேர் ஒரே தாம்பாளத்தில் உண்டால் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது. இரண்டிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் கலந்த விதத்தில்தான் நாற்றம். நிர்வாகக் குழுப் பெண்மணிகள் மாடியில் விருந்துண்பார்கள். மிச்சம் 'பரக்கத்', அதாவது இறையருள், என்ற பெயரோடு கீழே இறங்கும். அது எப்போதும் இலவசப் பிள்ளைகள் வரிசைக்கே வந்து சேரும். பரக்கத்துக்கும் முகவரி தெரிந்திருந்தது.

அன்று தாம்பாளம் மகளின் முன்னால் வைக்கப்பட்டது. கரண்டி அக்கா மூடியைத் திறந்தாள். மென்று துப்பிய எலும்பு, உதட்டுச்சாயம் ஒட்டிய காகிதக் கைக்குட்டை, குழம்பில் மிதந்த பல்குச்சி. மகள் கையை நீட்டுவதற்குள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, குழுவின் தலைவியான தாளாளரம்மா முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"பரக்கத்தும்மா. பெரியவங்களே முடிச்சுக் குடுத்துடுங்க."

"சீச்சீ, எச்சில்! எடு மொதல்ல!" என்று அலறினார் தாளாளரம்மாவின் நாத்தனார்.

"உங்க எச்சில்தாம்மா. வெளியாள் யாரும் தொடலை."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார் தாளாளரம்மா.

"வேணும்மா. பொண்ணுக்குப் படிப்பும் வேணும். இந்தச் சோறு மட்டும் வேண்டாம்."

வாசலில் நின்றிருந்தார் ஆலிமா, மார்க்கப் பாடம் நடத்துபவர். மிச்சத்தை வீணாக்காதீர்கள் என்று பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்து உண்ணவைத்ததும் அவர்தான். வேஷமில்லை, முழு மனதாக நம்பினார். அதுதான் சிக்கல். மற்றவர்கள் மூக்கைப் பொத்த, அவர் இறைநாமமான பிஸ்மி சொல்லி உட்கார்ந்து ஒரு கவளம் விழுங்கினார். இரண்டாவது கவளத்தில் ஏதோ கடிபட்டது. விரலால் எடுத்துப் பார்த்தார். நகத்துண்டு.

"இதையா நான் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன்?" என்றார் மெதுவாக. பிறகு தாளாளரம்மாவைப் பார்த்து, "அக்காவை அனுப்புறதா இருந்தா, என் வகுப்புக்கும் ஆள் பார்த்துக்குங்க."

ஆலிமா கிடைப்பது அரிது. தாளாளரம்மா தொண்டையைச் செருமி, இனி மாடியில் ஆளுக்கொரு தட்டு, மிச்சம் மாடியோடு சரி என்றார், அதுவும் தன் யோசனை என்ற தோரணையில்.

கரண்டி அக்கா புதுச் சோறு வடித்து மகளின் வரிசைக்குப் பரிமாறினாள். ஆலிமாவுக்கும் ஒரு தட்டு கொண்டுபோனாள்.

"வேண்டாம்க்கா. தண்ணி இருந்தா குடுங்க."

மாலை அஸர் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை ஆலிமா வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.