கிளைக்குக் கீழே ஒரு மழைமானி

ராசாங்கம் அண்ணன் செவ்வாய்க்கிழமை விடியற்காலை காலமானார். போடிமெட்டிலிருந்து அவர் மகள் செல்வி தொலைபேசியில் உறுதி செய்தார். "அப்பா போயிட்டாரு சித்தப்பா. எட்டரைக்கு மழைய அளந்து எழுதிட்டுத்தான் ஒங்களுக்குப் பேசுறேன்."

ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். தோட்டத்து மழைமானியை இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்தான் அளந்தார். அந்த அளவை நான் எங்கள் நாளிதழில் செய்தியாக்குவேன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று அதை வைத்துத்தான் கீழே போடியில் நடவுக்கு நாள் பார்த்தார்கள். ஒருமுறைகூட நான் சரிபார்த்ததில்லை.

ஆயுத பூஜையன்று மழைமானிக்கும் சந்தனம் வைப்பார். போன ஆண்டு ஜீப் ஓட்டுநர் முருகன் அதைப் பார்த்துச் சீண்டினார். "நாங்க சாமிய நம்புறோம், நீங்க இந்தக் குழாய நம்புறீக. ரெண்டும் ஒண்ணுதானண்ணே?"

"நம்பாம முடியுமா? இந்த அளவுக் குவளைய நானா செஞ்சேன்? கோடு சரியாத்தான் போட்டிருப்பான்னு நம்பித்தான் ஊத்துறேன். ஆனா சாமிய நான் சோதிக்க மாட்டேன் மாப்ளே. இதச் சோதிக்காம விட மாட்டேன்."

"அப்ப சோதிச்சீகளா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.

மறுவாரமே இன்னொரு மழைமானி வாங்கி வெட்டவெளியில் நட்டார். அதில் மழை கூடுதலாக விழுந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் தோட்டத்தில் மரங்களை லேசில் கழிக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்த கிளையொன்று பழைய மழைமானியின் மேல் கவிந்து மழையை மறைத்திருந்தது. அத்தனை ஆண்டும் அதன் கீழே குனிந்து அளந்தவர் அவர்.

நேரே போடிக்கு என்னைத் தேடி இறங்கி வந்தார். "என் அளவு தப்பு போல தம்பி. பேப்பர்ல போடு."

"இத்தன வருசப் பேரு கெட்டுப்போகும்ணே."

"எம் பேரப் பாத்தா நடுறாங்க? அளவப் பாத்துத்தான?"

போட்டேன். சந்தையில் சிலர் அவரை 'ஓட்டைக்குழாய்' என்று கூப்பிட்டார்கள். அது அவரை வருத்தியது. அதற்குப் பிறகு சந்தைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் கிளையை மட்டும் வெட்ட விடவில்லை. "வெட்டிட்டா எவ்வளவு தப்புன்னு எப்படித் தெரியும்? வர்ற வருசம் ரெண்டு பருவமும் முழுசா அப்படியே ஓடட்டும்."

அடக்கத்தன்று பந்தலுக்குக் கம்பு தேடியவர்கள் அந்தக் கிளையில் அரிவாளை வைத்தார்கள். முருகன் ஓடிப்போய்த் தடுத்தார். "தொடாதீகப்பா. அண்ணன் சோலி இன்னும் முடியல."

முருகனின் கேள்விக்கு முன்னால் அண்ணன் வாயடைத்து நின்றாரே, அந்த நிமிடத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு செய்தியையும் அந்தக் கேள்வியின் முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன்.

தென்மேற்குப் பருவம் முழுக்க இரண்டு மழைமானிகளிலும் அளந்தாகிவிட்டது. வடகிழக்குப் பருவத்தைச் செல்வி அளக்கிறார். பிழை எவ்வளவு என்பது மார்கழிக் கடைசியில் தெரியும் என்கிறார். அதுவரை ராசாங்கம் அண்ணன் தந்த பழைய அளவுகளை யாரும் நம்ப வேண்டாம். அவர் இருந்தால் இப்படித்தான் எழுதச் சொல்வார்.